இழுத்தால் அவிழும் முடிச்சு

முடிச்சக்கா என்று அவளுக்குப் பெயர் வைத்தது யார் என்று அந்தப் பயிர் ஆராய்ச்சிப் பண்ணையில் ஒருவருக்கும் நினைவில்லை. ஏன் வைத்தார்கள் என்பது மட்டும் கேட்காமலே தெரிந்துவிடும். கையில் ஒரு சாண் நூல் அகப்பட்டால் போதும், எதையாவது எதோடாவது கட்டிவிடுவாள். சாவியைப் பையோடு, பையைச் சைக்கிளோடு, பேனாவை நோட்டோடு. எல்லாம் ஒரே வகை முடிச்சு. தொங்கும் முனையை ஓர் இழு இழுத்தால் பட்டென்று அவிழ்ந்துவிடும். இழுக்காதவரை அசைந்து கொடுக்காது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிற அவள் வீட்டுக்காரர் இதைச் சொல்லியே நாலு பேரைச் சிரிக்க வைப்பார். "ஊருக்கெல்லாம் இழுத்தா அவிழுற முடிச்சுதான் போடுவா. என்னைக் கட்டினதை மட்டும் இருபத்தாறு வருஷமா இழுக்கறேன், அவிழவே மாட்டேங்குது."

பண்ணையில் அவளுக்குப் பதினெட்டு வருடச் சர்வீஸ். முதல் ஒன்பது வருடம் மண் சுமந்தாள், தொட்டி நிரப்பினாள், தண்ணீர் ஊற்றினாள். அடுத்த ஒன்பது வருடம் எண்ணினாள். எண்ணினாள் என்றால் என்ன என்று கேட்பீர்கள். முட்டை எண்ணினாள். கத்தரி இலைக்கு அடியில் வெள்ளை ஈ என்று ஒன்று வந்து உட்காரும். ஈ என்றுதான் பெயர், உருவத்தில் ஒரு மாவுத்தூள். அது இடுகிற முட்டை அதிலும் சின்னது. இலையைத் திருப்பி, உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணி நோட்டில் எழுத வேண்டும். ஒரு செடிக்கு மூன்று இலை. நாற்பது செடி. வாரத்துக்கு ஒரு நாள். சொல்லும்போது சுலபமாகத்தான் இருக்கிறது, உட்கார்ந்து பார்த்தால் தெரியும் சங்கதி.

பக்கத்துக் கூடத்தில் எண்ணுகிறவள் தேநீர் குடித்தபடியே பாதி எண்ணை மனசிலிருந்து எழுதுவாள். அது எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை. முடிச்சக்காவுக்கு அது ஆகாது. "பாக்காததை எழுதறதுக்கு நான் என்ன ஜோசியக்காரியா?" என்பாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எண்ணுவாள். அவள் நோட்டில் ஓர் அடித்தல் திருத்தல் இருக்காது. மேலதிகாரிகள் யாராவது பார்வையிட வந்தால் அந்த நோட்டைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். அதில் அவளுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

அவளுக்கு மேலே இருந்தவளை டாக்டரம்மா என்பார்கள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. செடிகளைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கியவள். முப்பத்து நாலு வயது. வேகமாகப் பேசுவாள், வேகமாக நடப்பாள், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிட மறந்துவிடுவாள். அவளுடையது நிரந்தர வேலை இல்லை. கையில் இருந்த ஆராய்ச்சி நல்லபடியாக முடிந்தால்தான் நிரந்தரம். அந்த ஆராய்ச்சி இரண்டு கத்தரி ரகங்களைப் பற்றியது. மூன்றாம் நம்பர், ஏழாம் நம்பர். மூன்றை விவசாயிகள் ஏற்கனவே பயிரிட்டு வந்தார்கள். ஏழு புதிது. ஏழில் வெள்ளை ஈ குறைவாக வரும் என்று டாக்டரம்மா நம்பினாள். அதற்குத்தான் இந்த எண்ணிக்கை.

முதல் வருடம் பெரிதாக வித்தியாசம் தெரியவில்லை. டாக்டரம்மாவின் முகம் தொங்கிப் போயிற்று. அது குளிர் அதிகமாக இருந்த வருடம், அதனால் ஈயே சரியாக வரவில்லை என்று எழுதி வைத்தாள். இரண்டாம் வருடம் மூன்றாம் நம்பரில் முட்டை ஏறியது. மூன்றாம் வருடம் இன்னும் ஏறியது. ஏழில் ஓர் இலைக்குப் பத்து பன்னிரண்டு என்றால் மூன்றில் முப்பது, முப்பத்தைந்து. டாக்டரம்மா முடிச்சக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "அக்கா, உங்க கண்ணுக்கு ஒரு கும்பிடு போடணும்!"

அந்தக் கண்ணைப் பற்றித்தான் இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் வருட எண்ணிக்கை முடிந்த கையோடு அவள் இடது கண்ணில் ஒரு மங்கல் விழுந்தது. முதலில் கண்ணாடியைத்தான் துடைத்தாள். துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, அழுக்கு கண்ணாடியில் இல்லை என்று புரிந்துகொண்டாள். அடுத்த ஆறு மாதத்தில் வலது கண்ணிலும் ஆரம்பித்தது. புரை. ஆஸ்பத்திரிக்குப் போனால் பெயர் சொல்லிவிடுவார்கள், லீவு எடுக்கச் சொல்வார்கள், அப்புறம் எண்ணுகிற வேலைக்கு வேறு ஆள் போடுவார்கள். ஐம்பத்தொரு வயதில் மறுபடி மண் சுமக்கப் போக வேண்டும். முதுகு தாங்குமோ தாங்காதோ, மனசு தாங்காது. அந்த நோட்டை இன்னொருத்தி கையில் பார்ப்பதற்குப் பதில் செத்துப்போகலாம் என்று நினைத்தாள். வீட்டுக்காரரிடம்கூட மூச்சு விடவில்லை.

கண் போகவில்லை, வேகம்தான் போயிற்று. நல்ல வெளிச்சத்தில், அசையாத இலையில், அவளால் அப்போதும் எண்ண முடிந்தது. ஆனால் ஒரு நிமிடத்தில் எண்ணியதற்கு மூன்று நிமிடம் ஆயிற்று. இங்கேதான் விசிறி வருகிறது. செடிகள் வளர்கிற கண்ணாடி வீட்டின் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு விசிறி உண்டு. அது ஓடாவிட்டால் உள்ளே அடுப்பு மாதிரி ஆகிவிடும். எண்ணுகிற நாளில் காலை எட்டு மணிக்கு அதை நிறுத்துவார்கள். ஒன்பதுக்குத் தானாகவே ஓட ஆரம்பித்துவிடும். அந்த ஒரு மணி நேரத்துக்குள் எண்ணி முடிக்க வேண்டும். முன்பெல்லாம் இரண்டு வரிசையையும் முடித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருப்பாள். இப்போது ஏழாம் நம்பர் வரிசையை முடிப்பதற்குள் மணி ஒன்பது அடித்துவிடும். ஏழில் காம்பெல்லாம் முள், அதனால் அதைத்தான் முதலில் எண்ணுவது வழக்கம். விசிறி ஓட ஆரம்பித்ததும் மூன்றாம் நம்பரின் அகல அகலமான இலைகள் தலையாட்டத் தொடங்கிவிடும். ஆடுகிற இலையில் அந்தக் கண்ணால் என்னத்தை எண்ணுவது?

இன்னொருத்தியாக இருந்தால் மனசிலிருந்து எழுதியிருப்பாள். முடிச்சக்கா என்ன செய்தாள்? தன் தையல் பெட்டியிலிருந்து பச்சை நூல் கொண்டு வந்தாள். மூன்றாம் நம்பரில் எண்ண வேண்டிய இலைகளைச் சின்னக் குச்சி நட்டு அதோடு கட்டினாள். இழுத்தால் அவிழும் முடிச்சு. பொய் எழுதக் கூடாது என்பதற்காகத்தான் கட்டினாள், அதைத்தான் சொல்ல வருகிறேன். முதல் சில வாரம் எண்ணி முடித்ததும் அவிழ்த்துவிட்டாள். வாரா வாரம் கட்டி அவிழ்த்ததில் இரண்டு காம்பு ஒடிந்து போயிற்று. செடிக்கு எதற்கு இந்த வதை என்று அப்படியே விட்டுவிட்டாள். புது இலை வந்து பழையது உதிர்ந்தால் புதியதைக் கட்டினாள். பச்சை இலையில் பச்சை நூல், உற்றுப் பார்த்தால்தான் தெரியும். டாக்டரம்மாவுக்கு உற்றுப் பார்க்க நேரம் ஏது? குச்சிகளைப் பார்த்துவிட்டு, "என்ன ஒழுங்கு பாருங்க!" என்று மற்றவர்களுக்குக் காட்டிவிட்டுப் போனாள்.

முடிச்சக்காவின் தம்பிக்குத் துண்டு நிலம் ஒன்று இருந்தது. காய்கறி போடுவான். போட்டதெல்லாம் பூச்சிக்கே போகிறது என்று எப்போதும் புலம்புவான். மூன்றாம் வருட எண்ணிக்கை பார்த்த பூரிப்பில், பண்ணையில் மீந்த ஏழாம் நம்பர் நாற்றுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய் அவனிடம் கொடுத்தாள். நானூறு நாற்று.

"மருந்து எப்போ அடிக்கணும்கா?"

"மருந்தே வேண்டாம்டா. நான் எண்ணின செடி. ஈ வராது."

"நிஜமாவா?"

"உங்கக்கா என்னைக்குடா பொய் சொல்லியிருக்கா? ஒண்ணே ஒண்ணு. இளம் தண்டு, காத்து படாத இடமா பாத்து நடு. ஒடிஞ்சிடப் போகுது."

அவன் அக்கா சொல்லைத் தட்டாதவன். நிலத்தின் மேற்குப் பக்கம் ஒரு கிடங்கின் நீளச் சுவர். அதை ஒட்டி, காற்று எட்டிப் பார்க்காத மூலையில் ஏறக்குறைய அத்தனையையும் நட்டான். மீந்த ஒரு வரிசையை மட்டும் லாரி போகிற சாலையைப் பார்த்த வாசல் ஓரமாக வைத்தான். மருந்து அடிக்கவில்லை.

ஏழு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போன் வந்தது. "அக்கா, கொஞ்சம் வந்துட்டுப் போறியா?" அவ்வளவுதான் சொன்னான். அந்தக் குரலைக் கேட்டதும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

போய்ப் பார்த்தாள். சுவரோரச் செடிகள் வெளிறிக் கிடந்தன. தம்பி ஒரு செடியைக் காலால் லேசாகத் தட்டினான். அடியிலிருந்து வெள்ளையாக ஒரு புகை எழும்பிச் சுற்றிவிட்டு மறுபடி இலைக்கடியிலேயே போய் அடங்கியது. அடுத்த செடியையும் தட்டிக் காட்டினான். திட்டியிருந்தாலாவது தேவலை.

"கண்ணாடி கொண்டா" என்றாள். அவள் பையிலிருந்த உருப்பெருக்கியை எடுத்துக் கொடுத்தான். வைத்துப் பார்த்தாள். வெயில், மங்கல், காற்றில்லாத புழுக்கம், கண்ணீர் வேறு. ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடியை மடியில் போட்டுவிட்டு இலையின் அடிப்பக்கத்தை விரலால் தடவினாள். பிசுபிசுவென்று ஒட்டியது. ஈ கழிக்கிற பாகு அது. ஒட்டுகிற இலையில் ஈ குடியிருக்கிறது என்று அர்த்தம். அடுத்த செடி, ஒட்டியது. அதற்கடுத்தது, ஒட்டியது. கண் தெரியாதவள் மாதிரி தடவிக்கொண்டே வரிசை முழுக்கப் போனாள். வாசல் பக்கம் வந்தபோது விரல் வழுக்கியது. மறுபடி தடவினாள். சுத்தமாக இருந்தது.

"இது என்ன ரகம்டா?"

"அதே ஏழுதான். நீ கொடுத்ததுதான். எல்லாம் ஒரே நாள் நட்டது."

ஒரு லாரி போயிற்று. அது கிளப்பின காற்றில் வாசலோர இலைகளெல்லாம் படபடவென்று அடித்துக்கொண்டன. திரும்பிச் சுவர் பக்கம் பார்த்தாள். அங்கே ஓர் இலைகூட அசையவில்லை. கட்டி வைத்த மாதிரி நின்றன.

கட்டி வைத்த மாதிரி.

வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஐயோ, ஏழாம் நம்பரில் ஒன்றுமே இல்லையா? ஆடுகிற இலையில் அந்தத் தூசி ஈயால் கால் வைக்க முடியவில்லை, ஆடாத இலையில் சாவகாசமாக உட்கார்ந்து முட்டையிட்டிருக்கிறது. பண்ணையில் ஆடாமல் இருந்தது எது? மூன்றாம் நம்பர். அதை ஆடாமல் செய்தது யார்?

"என்னக்கா, தண்ணி வேணுமா?" என்று தம்பி கேட்டான். வெயில் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

ஒருத்தருக்குத் தான் செய்த தப்பு தெரிந்துவிட்டால் முதலில் தோன்றுவது சொல்வது இல்லை, மறைப்பதுதான். முடிச்சக்கா மட்டும் என்ன விதிவிலக்கா? திங்கட்கிழமை மற்றவர்கள் வருமுன் கண்ணாடி வீட்டுக்குள் போனாள். அறுபது இலை, அறுபது முடிச்சு. ஒவ்வொரு முனையாகப் பிடித்து இழுத்தாள். பட், பட், பட். நூலையெல்லாம் சுருட்டிச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள். நிறுத்தியிருந்த விசிறியைப் போட்டதும் மூன்றாம் நம்பர் வரிசை முழுவதும் ஒரேயடியாக ஆட ஆரம்பித்தது. இரண்டு வருடமாக ஆடாத வரிசை அது. அவளால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

இனிமேல் சரியாகிவிடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் நாலாவது வாரம் புதன்கிழமை ஐந்து பேர் கொண்ட குழு வருவதாக இருந்தது. ஏழாம் நம்பரைப் பார்த்து, சரி என்று சொல்லி, இருநூறு விவசாயிகளுக்கு விதை கொடுக்க. விதைப் பொட்டலத்தில் அச்சடிக்க வேண்டிய வாசகம்கூடத் தயார்: வெள்ளை ஈக்கு மருந்து தேவையில்லை. இருநூறு தம்பிகள் என்று அவளுக்குத் தோன்றியது. அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. வீட்டுக்காரர், "என்ன, வாய்க்கும் முடிச்சு போட்டுக்கிட்டியா?" என்று கேட்டுப் பார்த்தார். எரிந்து விழுந்தாள். தினமும் அவள் கட்டிவிடுகிற காலணி நாடாவை அன்று அவரே கட்டிக்கொண்டு போனார்.

குழுவுக்கான ஏற்பாடுகளில் இரண்டு வாரம் எண்ணிக்கை நடக்கவில்லை. மூன்றாவது வாரக் கடைசியில் எண்ண வேண்டிய நாள் வந்தது. அதற்குள் புது இலை விரிந்திருந்தது. கட்டாத இலை. ஒன்பது மணிக்குப் பிறகு அது ஆடும், எண்ண முடியாது. அதனால் அன்று ஏழரைக்கே வந்து, விசிறியைத் தானே நிறுத்தி, மூன்றாம் நம்பரை முதலில் எண்ணினாள். பதின்மூன்று. பதினொன்று. பதினான்கு. ஒன்பது. போன மாதம் இதே செடிகளில் முப்பத்தைந்து.

பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முப்பத்து மூன்று என்று எழுதினால் போதும். யாருக்கும் தெரியாது. டாக்டரம்மாவுக்கு வேலை நிரந்தரம், இவளுக்கு நோட்டு நிரந்தரம். பக்கத்துக் கூடத்துக்காரி வருடக்கணக்காகச் செய்வதுதானே? ஒரே ஒரு நாள். கடைசியில் பதின்மூன்று என்று எழுதினாள். பதினொன்று என்று எழுதினாள். வரிசை முழுக்க உள்ளதை உள்ளபடி எழுதி மூடினாள்.

அரை மணி நேரத்தில் டாக்டரம்மா நோட்டோடு வந்துவிட்டாள். "என்னக்கா இது? மூணாம் நம்பர்ல பாதிகூட இல்லை!"

"அவ்வளவுதான் இருக்கு."

"எப்படி இருக்கும்? ரெண்டு வருஷமா இல்லாதது இந்த வாரம் மட்டும் எப்படி? குழு வர்றதுக்கு அஞ்சு நாள்தான் இருக்கு. விளையாடறீங்களா?" அவள் குரல் உயர்ந்தது. "சரியாப் பாத்தீங்களா? உங்களுக்குக் கண்ணு தெரியுதா இல்லையா?"

கோபத்தில் வாய்தவறி வந்த வார்த்தைதான். ஆனால் நேராகப் போய்ப் பட வேண்டிய இடத்தில் பட்டது.

"தெரியலை டாக்டரம்மா" என்றாள் முடிச்சக்கா. "ரெண்டு வருஷமா சரியாத் தெரியலை."

முடிச்சக்கா நிறுத்தவில்லை; நிறுத்தினால் பிறகு சொல்ல மாட்டோம் என்று அவளுக்கே தெரியும். புரை விழுந்ததைச் சொன்னாள். விசிறியைச் சொன்னாள். சாப்பாட்டுப் பையைத் திறந்து நூல் சுருளை எடுத்து மேசைமேல் வைத்தாள். தம்பியின் நிலத்தைச் சொன்னாள். சுவரைச் சொன்னாள், வாசலைச் சொன்னாள். கடைசியாக, "ஆனா எண்ணினதுல ஒண்ணுகூடத் தப்பில்லை. வேணும்னா நீங்களே பாருங்க" என்றாள். அந்த நேரத்திலும் அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசில்லை.

டாக்டரம்மா உருப்பெருக்கியைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். முதல் செடி, முதல் இலை. எண்ணினாள். பதின்மூன்று. அடுத்தது, பதினொன்று. பத்து செடி பார்த்தாள். நோட்டுக்கும் இலைக்கும் ஓர் எண் மாறவில்லை. கவிழ்த்து வைத்திருந்த வாளி ஒன்றின்மேல் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"மூணு வருஷம்" என்றாள். "என் மூணு வருஷத்தைத் தையல் நூல்ல கட்டிட்டீங்களே அக்கா. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? இலையைக் கட்டறேன்னு ஒரே ஒரு வார்த்தை."

"கட்டறது ஒரு விஷயம்னே எனக்குத் தெரியாதும்மா."

"அதை விடுங்க. கண்ணையாவது சொல்லியிருக்கலாமே. நான் உங்களை வேலையை விட்டா துரத்தியிருப்பேன்?" என்றாள். பிறகு அவளே யோசித்துப் பார்த்தாள் போலிருக்கிறது. எண்ணுகிற வேலையிலிருந்து எடுத்துத்தான் இருப்பாள் என்பது இருவருக்கும் தெரியும்.

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்லை."

"சொல்லாதீங்க. நீங்க போங்க இப்போ."

முடிச்சக்கா போனாள். வாசல்வரை போனாள், சைக்கிள் பூட்டைக்கூடத் திறந்துவிட்டாள். சொல்லாதே என்றால் என்ன அர்த்தம்? இவ்வளவு நாளாக அவள் செய்ததும் அதைத்தானே? சைக்கிளைப் போட்டது போட்டபடி திரும்பி வந்தாள். "விதை போன பிறகு சொல்லி என்ன பிரயோஜனம், டாக்டரம்மா? என் தம்பி நானூறு செடியைப் பிடுங்கிட்டு நிக்கிறான். நீங்க சொல்லலைன்னா புதன்கிழமை நானே அந்த அஞ்சு பேர் முன்னாடி வந்து..."

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தாள். அழுதிருந்தாள். நூல் சுருளைக் கையில் வைத்து ஒவ்வொரு துண்டாகப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். "நான் மறைக்கப் போறேன்னு நினைச்சீங்களா? எனக்கு ரெண்டு நாள் வேணும், அதான் சொல்லாதீங்கன்னேன் அக்கா. அழறதுக்கும் யோசிக்கறதுக்கும். அவ்வளவுதான்."

புதன்கிழமை குழு வந்தது. டாக்டரம்மா எழுந்து நின்று ஏழாம் நம்பரைத் தான் திரும்பப் பெறுவதாகச் சொன்னாள். ஒருவர், "நூலா? நூலாலயா?" என்று சிரித்தார். முடிச்சக்காவை உள்ளே கூப்பிட்டு, ஓர் இலையைக் கட்டி அவிழ்த்துக் காட்டச் சொன்னார்கள். ஐந்து ஜோடிக் கண்களுக்கு முன்னால் கட்டினாள். அவமானத்தில் முடிச்சு முதல் தடவை விழவேயில்லை. டாக்டரம்மாவுக்கு வேலை நிரந்தரமாகவில்லை. இன்னும் ஒரு வருடம் நீட்டித்தார்கள், பிச்சை போடுகிற மாதிரி. அதன்பின் மாதக்கணக்கில் அவள் முடிச்சக்காவை அக்கா என்று கூப்பிடவில்லை. வேலையைச் சொல்வாள், போவாள்.

தம்பியிடம் அந்த வாரமே போய்ச் சொன்னாள். அவன் முழுவதையும் கேட்டுவிட்டு, "நீ சொல்லாம விட்டிருந்தா விதைதான் சரியில்லைன்னு நினைச்சுக்கிட்டு இருந்திருப்பேன்" என்றான்.

"அதுக்காகத்தான்டா சொன்னேன்."

அவன் திரும்பிக்கொண்டான். பிடுங்கிப் போட்ட செடிகளை வரப்பில் குவித்துக்கொண்டிருந்தான். அன்றைக்குப் பிறகு போன் வரவில்லை. அவள் போட்டால் தம்பி பெண்டாட்டிதான் எடுத்தாள், வெளியே போயிருக்கிறார் என்றாள்.

வீட்டுக்காரர் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். "இருபத்தாறு வருஷம் கூடவே இருக்கேன், எனக்குமா தெரியக் கூடாது?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அது போதும், குத்திக் கிழித்துவிட்டது. இடது கண்ணில் புரையை எடுத்தார்கள். வலது கண்ணுக்கு நாள் குறித்தார்கள்.

நோட்டு பக்கத்துக் கூடத்துக்காரியிடம் போயிற்று, வேறு யாரிடம் போகும்? டாக்டரம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டுதான் எண்ண வைத்தாள். இந்தத் தடவை ரகம் ஒன்றே ஒன்று, மூன்றாம் நம்பர். மூன்று வரிசை. ஒன்றில் இலையை இறுக்கிக் கட்டியது. ஒன்றில் கட்டவே இல்லை. இன்னொன்றில் நூலைச் சுற்றிக் கட்டி, இலை ஆட இடம் விட்டுத் தளர்வாக விட்டது. நூல் தொட்டதாலேயே ஏதாவது ஆகிறதா என்று பார்க்க. கட்டுகிற வேலை முடிச்சக்காவுக்கு. தப்பு செய்தவளையே கூப்பிட்டு அதே தப்பை வரிசை வரிசையாகச் செய்யச் சொன்னால் எப்படி இருக்கும்? தலை குனிந்து கட்டினாள்.

ஐந்து மாதம் கழித்து முடிவு வந்தது. ஆடாத இலையில், ஆடுகிற இலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் முட்டை. தளர்வாகக் கட்டியதில் கட்டாததைப் போலவே குறைவு. டாக்டரம்மா அறிக்கை எழுதினாள். முடிச்சக்காவை உட்கார வைத்து வாசித்துக் காட்டினாள், அன்றுதான் மறுபடி அக்கா என்றாள். "காற்றில் இலை அசைவது செடியைப் பூச்சியிடமிருந்து காக்கலாம்."

"காக்கலாமா?" முடிச்சக்காவுக்குப் பொறுக்கவில்லை. "என்ன லாம்? என் விரலால தடவிப் பாத்திருக்கேன். காக்குதுன்னு எழுதுங்க."

"ஒரு ரகம், ஒரு பூச்சி, ஒரு விசிறி. அவ்வளவுதான் அக்கா நமக்குத் தெரியும்." டாக்டரம்மா பேனாவை மூடினாள். "போன தடவை இந்த லாம் போடாததாலதான் நாம இங்க உட்காந்திருக்கோம்."

வராது என்று தம்பியிடம் சொன்னது தன் வாய்தான் என்பது முடிச்சக்காவுக்கு நினைவிருந்தது.

அடுத்த நடவுக்கு முன்னால், ஒரு நாள் தேநீர் இடைவேளையில் போன் அடித்தது. தம்பி. அவள் நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டாள்.

"நாத்து வாங்கப் போயிட்டிருக்கேன்" என்றான், நடுவில் அத்தனை மாதம் போகாத மாதிரி. "சுவரோரம் இந்தத் தடவை கீரை போடறேன். கத்தரியை வாசல் பக்கம், காத்து வர்ற இடத்துல வைக்கலாம்னு பாக்கறேன். அங்க வச்சா ஈ வராதுல்ல?"

வராதுடா என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதைக் கேட்கத்தான் அவன் கூப்பிட்டிருக்கிறான். சொன்னால் சந்தோஷப்படுவான்.

"வராம இருக்கலாம்."

"லாமா?" என்றான் தம்பி. "போன தடவை வராதுன்னு சொன்னியே."

"சொன்னேன். தெரியாமயே தெரிஞ்ச மாதிரி சொன்னேன். இப்போ தெரிஞ்சது அவ்வளவுதான்டா. மருந்தும் ஒரு பக்கம் வாங்கி வச்சுக்கோ. வாரம் ரெண்டு நாள் இலையைத் திருப்பிப் பாரு."

கோபித்துக்கொண்டு வைத்துவிடுவான் என்று நினைத்தாள். வைக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை நடறேன்" என்றான். "நீ வா. நீ விரலால தடவிப் பாரு, நான் கண்ணால பாக்கறேன். ரெண்டு பேரும் ஒண்ணு சொன்னா எழுதிக்கலாம்."

வருகிறேன் என்று சொன்னாள். அதற்குமேல் ஒரு வார்த்தை வந்தாலும் அழுதுவிடுவாள் என்று போனை வைத்தாள். வைத்த பிறகும் அழத்தான் செய்தாள். பக்கத்துக் கூடத்துக்காரி வந்து கண்ணில் என்ன என்று கேட்டதற்கு, ஆபரேஷன் செய்த கண், அப்படித்தான் தண்ணீர் வரும் என்றாள்.